எக்ஸ்ரேயில் தெரியாத பிளாஸ்டிக்!

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டி, தாத்தா யாராவது இருக்கிறார்களா? இருந்தால், அவர்களுடைய எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு வேடிக்கை தெரியும்.

மேலே தொடை எலும்பின் முனையில் பளிச்சென்று வெள்ளையாக ஓர் உலோகத் தொப்பி. கீழே கால் எலும்பின் மேல் வெள்ளையாக ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில்... ஒன்றுமே இல்லை! ஒரு கறுப்பு இடைவெளி. பாட்டியின் முழு எடையையும் காற்றா தாங்குகிறது?

இல்லை குட்டீஸ். அந்த இடைவெளியில் சுமார் ஒரு செ.மீ. தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ரே கதிர்கள் அதைக் கிட்டத்தட்ட அப்படியே கடந்து போய்விடுவதால் படத்தில் அது தெரிவதில்லை. பாட்டி நடக்கும்போது அவருடைய உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது. வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் தடவை! தேயவும் கூடாது, உடையவும் கூடாது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியே மொட்டை மாடியில் இரண்டு வெயில் காலம் கிடந்தால் 'படக்'கென்று முறிந்துவிடுகிறதே... இது மட்டும் எப்படித் தாங்குகிறது?

அந்தக் கதை இங்கிலாந்தில், ஒரு மனிதரின் இடுப்பில் கேட்ட 'கீச்... கீச்...' சத்தத்தில் ஆரம்பிக்கிறது.

கீச்சிட்ட இடுப்பு!

ஜான் சார்ன்லி என்று ஓர் எலும்பு டாக்டர். 1911ல் பிறந்தவர். அவரிடம் வந்த ஒருவருக்கு, ஏற்கெனவே வேறிடத்தில் தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, 'அக்ரிலிக்' பிளாஸ்டிக்கில் செய்த பந்து ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். 1940களில் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் கண்டுபிடித்த முறை அது. அந்த மனிதர் குனிந்தால் போதும், எண்ணெய் போடாத கதவு மாதிரி இடுப்பு கீச்சிடும். சத்தம் பொறுக்காமல் அவருடைய மனைவி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம்!

மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். கீச்சிடுகிறது என்றால் உரசுகிறது என்று அர்த்தம். உரசினால் தேயும், தேய்ந்தால் ஆடும். நம் உடம்பில் இருக்கும் இயற்கை மூட்டு இப்படி உரசுவதே இல்லை. அளந்து பார்த்தபோது, பனிக்கட்டிமேல் சறுக்கும் ஸ்கேட்டிங் கத்தியைவிட வழுவழுப்பாக இருந்தது நம்முடைய மூட்டு.

அப்படியானால் உலகத்திலேயே வழுவழுப்பான பிளாஸ்டிக் எது? டெஃப்லான்! உங்கள் அம்மா தோசை ஒட்டாமல் வார்க்கிறாரே, அந்த நான்-ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் அதே சமாச்சாரம்தான். டெஃப்லானில் ஒரு கிண்ணம், அதற்குள் சுழல உலோகத்தில் ஒரு சின்னப் பந்து என்று இடுப்பு மூட்டு செய்தார் சார்ன்லி. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலியில் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

இரண்டு, மூன்று வருடங்கள்தான். வந்தவர்களெல்லாம் மறுபடி நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள். டெஃப்லான் வழுவழுப்பானதுதான், ஆனால் படுவேகமாகத் தேய்ந்துவிட்டது! உலோகப் பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போயிருந்தது. தேய்ந்து உதிர்ந்த பொடி சதைக்குள் புகுந்து வீக்கத்தைக் கிளப்பியது. தான் பொருத்திய மூட்டுகளைத் தானே திரும்ப எடுக்கவேண்டிய நிலைமை சார்ன்லிக்கு.

அப்போது அவர் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பொடி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். எலியைத் தேடவில்லை, முயலைத் தேடவில்லை. தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார்! டெஃப்லான் பொடி ஏற்றிய இடம் மாதக்கணக்கில் கட்டியாக வீங்கி நின்றது. (நீங்கள் யாரும் எந்தச் சோதனையையும் இப்படிச் செய்துவிடக் கூடாது, ஆமாம்!)

விற்பனையாளர் கொண்டுவந்த துண்டு

1962ஆம் ஆண்டு மே மாதம். சார்ன்லி வேலை பார்த்த ரைட்டிங்டன் மருத்துவமனைக்கு விற்பனையாளர் ஒருவர் வந்தார். அந்த மருத்துவமனை இருப்பது லங்காஷயர் பகுதியில். பஞ்சாலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் பேர்போன ஊர்கள் அங்கே நிறைய. தறி இயந்திரங்களுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் விற்பவர் அவர். அந்தச் சக்கரம் செய்யும் ஜெர்மன் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, மருத்துவமனைப் பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்பவரிடம் கொடுத்தார்.

கிரேவன் அதை சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. 'இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, இதெல்லாம் எங்கே தாங்கும்!' என்று நினைத்தாரோ என்னவோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கிரேவன் விடவில்லை. டாக்டர் வெளிநாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், தேய்மானம் பார்ப்பதற்காகத் தான் செய்து வைத்திருந்த இயந்திரத்தில் அந்தத் துண்டை மாட்டி ஓட விட்டார். இரவும் பகலும் ஓடியது. மூன்று வாரம் கழித்து அளந்தால், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேய்ந்திருக்கவில்லை!

அதே வருடம் நவம்பரில் சார்ன்லி அந்தப் பிளாஸ்டிக்கில் கிண்ணம் செய்து பொருத்தத் தொடங்கினார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. மற்ற டாக்டர்களுக்கு உடனே விற்க விடாமல், சில வருடங்கள் தன் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். 'உங்கள் காலத்துக்குப் பிறகு அந்த மூட்டைப் பரிசோதனைக்குத் திருப்பித் தருவீர்களா?' என்று நோயாளிகளிடமே கேட்டார். பலர் சம்மதித்தார்களாம். அவருக்கு 1977ல் 'சர்' பட்டம் கிடைத்தது. என்னைக் கேட்டால், அதில் பாதியை ஹாரி கிரேவனுக்கு வெட்டிக் கொடுத்திருக்கலாம்!

பால் பாக்கெட்டின் அண்ணன்!

அந்த ஜெர்மன் பிளாஸ்டிக் என்ன தெரியுமா? பாலிஎத்திலீன்! பால் பாக்கெட், கேரி பேக் எல்லாம் செய்யும் பாலிதீனேதான். கரி அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் நீள நீளச் சங்கிலி. ஒவ்வொரு கரி அணுவோடும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் சங்கதி.

வித்தியாசம் நீளத்தில்தான். மூட்டுக்குப் பயன்படும் வகையில் ஒரே சங்கிலியில் லட்சத்துக்கும் மேற்பட்ட கரி அணுக்கள் இருக்கும். பால் பாக்கெட் சங்கிலிகள் இதைவிடப் பல மடங்கு குட்டை. உடைத்த சேமியாவையும், நீள நீளமாகப் பின்னிக் கிடக்கும் இடியாப்பத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். சேமியாவில் ஒன்றிரண்டை எடுத்தால் தனியாக வந்துவிடும். இடியாப்பத்தில் ஒரு இழையை இழுத்தால் மொத்தமும் கூடவே வரும். பின்னல் அப்படி! அதனால் இந்தப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால்கூடத் தண்ணீர் போல ஓடாது. பொடியை அழுத்திக் கட்டையாக்கி, அதைக் கடைசல் பிடித்துத்தான் கிண்ணம் செய்யவேண்டும்.

தேய்வது வேறு... முறிவது வேறு!

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். ஒரு சாக்பீஸ், ஒரு ரப்பர் பேண்ட், ஒரு ஷாம்பு சாஷே மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸை நகத்தால் அழுத்தினால் சுலபமாகப் பள்ளம் விழாது. ஆனால் லேசாக வளைத்தால் 'டப்'. ரப்பர் பேண்டை எப்படி வேண்டுமானாலும் அழுத்தலாம், வளைக்கலாம், இழுக்கலாம். சுலபத்தில் அறுந்துபோகாது. பொருள் விறைப்பாக இருப்பது ஒன்று. உடையாமல் சக்தியை வாங்கிக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டாவது குணத்தை விஞ்ஞானிகள் 'டஃப்னஸ்' என்பார்கள். நாம் முறியாத்தன்மை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஷாம்பு சாஷே. விளிம்பில் நடுவாகப் பிடித்துக் கிழித்துப் பாருங்கள். விரல்தான் வலிக்கும். அதே சாஷேயில் ஓரமாக ஒரு குட்டி வெட்டு கொடுத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் கிழித்தால் 'சர்ர்ர்'! ஒரு சின்ன விரிசல் இருந்தால் போதும், இழுக்கும் விசை முழுவதும் அந்த முனையில் குவிந்துவிடும். ஒரு பொருள் முறியாத்தன்மை உள்ளதா என்பதற்கு உண்மையான பரீட்சையே இதுதான்: வெட்டு விழுந்த பிறகும் எவ்வளவு நேரம் கிழியாமல் தாக்குப்பிடிக்கிறது?

அதனால்தான் பரிசோதனைக் கூடங்களில் மூட்டுப் பிளாஸ்டிக் துண்டில் வேண்டுமென்றே பிளேடால் ஒரு கீறல் போட்டு, லட்சக்கணக்கான தடவை இழுத்து விடுகிறார்கள். கீறல் ஒவ்வொரு இழுப்புக்கும் எவ்வளவு நீளுகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இடியாப்பச் சங்கிலிகள் நீண்டு, நகர்ந்து, ஒன்றையொன்று பிடித்து நிறுத்தினால் விரிசல் அங்கேயே நின்றுவிடும்.

பொடி செய்த சதி

சார்ன்லியின் புதுக் கிண்ணம் நன்றாகவே உழைத்தது. வருடத்துக்குச் சுமார் 0.1 மி.மீ.தான் தேய்ந்தது. ஒரு தாளின் தடிமன்! இதுபோய் என்ன செய்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அந்தத் தாளளவு தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துகள்களாக உதிர்கிறது. பெரும்பாலான துகள்கள் ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கிருமிகளைப் பிடித்து விழுங்குவதற்கென்றே நம் உடம்பில் காவல்கார செல்கள் இருக்கின்றன. 'ஆகா, கிருமி!' என்று இந்தத் துகள்களையும் விழுங்கிவிடும். ஆனால் பிளாஸ்டிக்கை எந்த செல்லாலும் ஜீரணிக்க முடியாதே! தடுமாறி அபாயச் சங்கு ஊதும். அதைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் செல்கள் கிளம்பிவிடும். பத்து, பதினைந்து வருடங்களில் மூட்டைச் சுற்றியுள்ள சொந்த எலும்பே கரைந்து, பொருத்திய மூட்டு ஆட ஆரம்பிக்கும். மறுபடி ஆபரேஷன். எழுபது வயதில் செய்ததை எண்பது வயதில் திரும்பச் செய்வது லேசான விஷயமா?

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. கிருமி இல்லாமல் இருக்க, மூட்டுகளைப் பெட்டியில் அடைத்து அதன்மேல் காமா கதிரைப் பாய்ச்சுவார்கள். கதிர் கிருமியையும் கொல்லும், சில சங்கிலிகளையும் அறுக்கும். அறுந்த முனைகள் யார் கையைப் பிடிக்கலாம் என்று தவித்துக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள் காற்று இருந்தால் ஆக்சிஜன் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் மேலும் மேலும் துண்டாகும். இடியாப்பம் உடைத்த சேமியா ஆகிவிடும்! அலமாரியில் சில வருடங்கள் கிடந்த மூட்டு, நோயாளியின் காலுக்குள் போவதற்கு முன்பே கிழடாகியிருந்தது. முழங்காலில் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. 1990களில் இதைப் புரிந்துகொண்ட பிறகு, காற்று இல்லாத உறைகளில், நைட்ரஜன் போன்ற வாயுக்களோடு அடைக்க ஆரம்பித்தார்கள்.

முடிச்சுப் போடலாமா?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் டாக்டர் வில்லியம் ஹாரிஸ், எம்.ஐ.டி. பேராசிரியர் எட்வர்ட் மெரில் ஆகியோரின் குழு அது. அறுந்த முனை ஆக்சிஜன் கையைப் பிடித்தால்தானே வம்பு? பக்கத்துச் சங்கிலியின் கையைப் பிடிக்க வைத்தால்? கதிரின் அளவைக் கூட்டினால் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே ஏராளமான முடிச்சுகள் விழும். துகள் உதிரவே உதிராது!

செய்தார்கள். கிருமி கொல்லத் தேவையானதைவிட இரண்டு, மூன்று மடங்கு கதிர் பாய்ச்சினார்கள். இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தால் தேய்மானம் பெரும்பாலும் காணாமலே போய்விட்டது. 1990களின் கடைசியில் நோயாளிகளுக்கும் வந்துவிட்டது.

ஆனால் முடிச்சுப் போட்ட இடியாப்பத்தால் நீள முடியுமா? விரிசல் வந்தால் சங்கிலிகள் நீண்டு, நகர்ந்து தடுக்கவேண்டுமே! முடிச்சு இறுக்கிப் பிடித்திருந்தால் அறுந்துதான் போகும். தேய்மானம் குறைந்தது, கூடவே முறியாத்தன்மையும் குறைந்துவிட்டது.

இன்னும் ஒன்று. முடிச்சுப் போட்டது போக, கை பிடிக்க ஆளில்லாமல் சில முனைகள் பாக்கி நிற்கும். அவற்றை ஒழிக்க, பிளாஸ்டிக்கை ஒருமுறை உருகும் சூட்டுக்குக் கொண்டுபோய் ஆற வைத்தார்கள். இதிலும் ஒரு வில்லங்கம். இந்தப் பிளாஸ்டிக்குக்குள் சங்கிலிகள் எல்லா இடத்திலும் தாறுமாறாகக் கிடப்பதில்லை. இடையிடையே புடவைக் கொசுவம் போல ஒழுங்காக மடிந்து அடுக்கியிருக்கும். இந்த மடிப்புகள்தான் பிளாஸ்டிக்குக்கு வலு. உருக்கினால் கொசுவம் கலைந்துவிடும். ஆறும்போது திரும்ப மடியப் பார்த்தால், நடுவில் முடிச்சுகள் விடாது! பழைய அளவுக்கு மடிப்பு வராது.

உருகும் நிலைக்குக் கொஞ்சம் கீழேயே சூட்டை நிறுத்தினால்? மடிப்பு பிழைக்கும். ஆனால் தவிக்கும் முனைகள் முழுதாக ஒழியாது. பிற்காலத்தில் ஆக்சிஜன் வந்து வேலையைக் காட்டும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம்!

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கிண்ணத்தின் விளிம்பு மெல்லியதாக இருந்து, அதில் உலோகத் தண்டு இடித்துக்கொண்டே இருந்த சில நோயாளிகளுக்கு விளிம்பில் விரிசல் விழுந்து உடைந்திருக்கிறது. முழங்காலில் இன்னும் கவனம் தேவை. இடுப்பில் பந்தும் கிண்ணமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காருவதால் பாரம் பரவிவிடும். முழங்காலிலோ வளைந்த உலோகம் கிட்டத்தட்டத் தட்டையான பிளாஸ்டிக்கின் மேல் உருளுகிறது. பாரம் முழுவதும் சின்ன இடத்தில். ஹை ஹீல்ஸ் போட்ட கால் நம் பாதத்தை மிதித்தால் எப்படி இருக்கும், அப்படி!

நிலக்கடலையில் இருந்த பதில்

நம் உடம்பிலுள்ள செல்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவற்றின் சவ்விலுள்ள கொழுப்பையும் ஆக்சிஜன் இப்படித்தான் கெடுக்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு பாதுகாவலர் இருக்கிறார். பெயர் வைட்டமின் ஈ. நிலக்கடலை, பாதாம், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கிறது. தவிக்கும் முனைக்குத் தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்துச் சாந்தப்படுத்திவிடும்.

'அதையே பிளாஸ்டிக்குக்கும் கொடுத்தால் என்ன?' என்று இறங்கியது அதே பாஸ்டன் மருத்துவமனையில் ஓர்ஹுன் முராடோக்ளு, எப்ரு ஓரல் ஆகியோரின் குழு. ஆனால் எப்போது கொடுப்பது? முதலிலேயே பொடியோடு கலந்துவிட்டால், கதிர் பாய்ச்சும்போது அறுந்த முனைகளை எல்லாம் வைட்டமின் ஈ சாந்தப்படுத்திவிடும். அப்புறம் முடிச்சு எப்படி விழும்? அதனால் வரிசையை மாற்றினார்கள். முதலில் கதிர், முடிச்சுகள் விழட்டும். பிறகு சூடான வைட்டமின் ஈயில் பிளாஸ்டிக்கை ஊறப் போட்டார்கள். குலாப் ஜாமூன் பாகில் ஊறுவதுபோல உள்ளே இறங்கும். பிறகு உருகும் சூட்டுக்குக் கீழேயே வைத்துச் சூடாக்கினால் நடுப்பகுதி வரைக்கும் பரவிவிடும்.

பாக்கி நின்ற முனைகளை வைட்டமின் ஈ பார்த்துக்கொண்டது. உருக்கவேண்டிய அவசியமே இல்லை. கொசுவம் கலையவில்லை! பரிசோதனையில் தேய்மானமும் குறைவு, உருக்கி ஆற வைத்த வகையைவிட விரிசலைத் தாங்கும் சக்தியும் அதிகம். 2007ல் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார்கள். இந்தப் பிளாஸ்டிக் லேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். (மூட்டு மாற்றிய பாட்டிக்குக் கிலோ கணக்கில் நிலக்கடலை வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. சாப்பிடும் வைட்டமின் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் போகாது!)

பிறகு, பொடியோடு முன்பே கலந்து, கதிரின் அளவைக் கூட்டி முடிச்சு விழ வைக்கும் முறையும் வந்தது. முடிச்சுப் போட்ட வகைகள் இடுப்பில் பத்து வருடங்களைத் தாண்டியும் நன்றாக உழைக்கின்றன. தேய்மானம் பழைய வகையின் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. முழங்காலில் வித்தியாசம் அந்த அளவுக்குப் பளிச்சென்று தெரியவில்லை. அதனால் எந்தக் காலுக்கு எந்தப் பிளாஸ்டிக் என்று டாக்டர்கள் இன்னும் வாதம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்று புதிதாக ஒரு பிளாஸ்டிக் வந்தால், நோயாளிக்குப் போகும் முன் அது இயந்திரத்தில் 'நடக்க' வேண்டும். நம் மூட்டு நீருக்குப் பதிலாக மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் மூழ்கியபடி, லட்சக்கணக்கான அடிகள். 10 லட்சம் அடி என்றால் ஏறக்குறைய ஒரு வருட நடை. ஐம்பது லட்சம் அடி நடந்து முடிக்க மாதக்கணக்காகும். கிரேவன் மூன்று வாரம் ஓட்டிய இயந்திரத்தின் பேரப் பிள்ளைகள் இவை.

நோயாளிக்குள் போன பிறகும் கண்காணிப்பு தொடரும். பிளாஸ்டிக்தான் எக்ஸ்ரேயில் தெரியாதே, அது தேய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கறுப்பு இடைவெளியைத்தான் டாக்டர் அளக்கிறார். இந்த வருடப் படத்தையும் போன தடவை எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடைவெளி எத்தனை மி.மீ. குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். குறையவே இல்லை என்றால், 'பாட்டி, அடுத்த வருஷம் வந்தால் போதும்' என்று அனுப்பி வைப்பார்.